அரிசிக்குள் சிங்க் ஏற வயலில் எதை, எப்போது செய்வது

எங்கள் வயல் கிளிநொச்சியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைவது. தம்பிதான் பார்க்கிறான். கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் எங்களுக்கு அரிசி மூட்டை இரவு பஸ்ஸில் வரும். 2021இல் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது, எத்தனை மூட்டை குறையும் என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. மணிக்குள் சிங்க் (துத்தநாகம்), இரும்பு போன்ற சத்து எவ்வளவு சேருகிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். கொழும்பில் இருந்துகொண்டு சொந்த வயல் அரிசி சாப்பிடுகிறவர்கள் ஊருக்கு இதைச் சொல்லி அனுப்பலாம்.

முதலில் மண்ணைச் சோதிக்கக் கொடுங்கள். மண்ணின் அமில-கார அளவான பி.எச். 7ஐத் தாண்டினால் மண்ணில் சிங்க் இருந்தும் வேரால் எடுப்பது கஷ்டம். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் இந்தக் கரைச்சல் அதிகம். வயலில் தண்ணீர் நின்றால் இன்னும் கூடும். விதைத்து இரண்டு மூன்று கிழமையில் கீழ் இலைகளில் பழுப்புப் புள்ளி விழுந்து பயிர் குட்டையாக நின்றால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட வயலுக்கு அடுத்த விதைப்பின்போது இடும் அடிக்கட்டுப் பசளையோடு சிங்க் சல்பேட் வேண்டும். எவ்வளவு என்பதை உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். மண்ணில் போடுவது விளைச்சலைக் காப்பாற்றும். ஆனால் மணிக்குள் சிங்க் கூடுவது பெரும்பாலும் இலையில் தெளிப்பதால்தான்.

தெளிப்பதற்கு நேரம் பார்க்க வேண்டும். கதிர் வந்து பூத்து முடிகிற நேரத்தில் ஒரு தடவை. பிறகு மணியை நகத்தால் நசுக்கினால் வெள்ளைப் பால் வருகிற பருவத்தில் இன்னொரு தடவை. லீட்டர் தண்ணீருக்கு சிங்க் சல்பேட் 5 கிராம், அதாவது 16 லீட்டர் தெளிக்கும் மெஷினுக்கு 80 கிராம். இது சிங்க் 21 வீதம் உள்ள பளிங்கு மாதிரியான சிங்க் சல்பேட்டுக்கான கணக்கு. பையில் 33 வீதம் என்று இருந்தால் 50 கிராம் போதும், கூடினால் இலை கருகும். நெற்பூ திறப்பது காலையிலும் முற்பகலிலும்தான், அதனால் பின்னேரம் வெயில் தணிந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். பொஸ்பேற்று உரம் எதையும் அதே தாங்கியில் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்து அடியில் படிந்துவிடும்.

அப்புறம் டி.எஸ்.பி. என்ற பொஸ்பேற்று உரம். மண் சோதனை கேட்கிற அளவுக்கு மேல் ஒரு பிடிகூட வேண்டாம். பொஸ்பரஸ் மிஞ்சினால் வேர் எடுக்கும் சிங்க் குறையும். மணிக்குள் போகும் பொஸ்பரஸில் பெரும்பகுதி பைட்டிக் அமிலமாகத் தவிட்டிலும் முளையிலும் சேரும். அது சிங்க்கையும் இரும்பையும் பிடித்து வைத்துக்கொள்வதால் சாப்பிட்டாலும் நம் குடலுக்கு முழுதாகக் கிடைக்காது. சத்தில்லாத சோற்றையே நம்பி வளரும் பிள்ளைகளை நினைத்தால் இது சின்ன விஷயம் இல்லை.

யூரியாவைத் தேவைக்குக் கீழே குறைக்காதீர்கள். அதிலுள்ள நைதரசனால் மணியில் புரதம் ஏறும்போது சிங்க்கும் சேர்ந்து ஏறும்.

இரும்பு வேறு கதை. இலையில் தெளித்தாலும் மணியில் பெரிதாக ஏறாது. இருப்பதும் பெரும்பாலும் தவிட்டுப் படையில்தான் இருக்கிறது. சிங்க் ஓரளவு உள் மணியிலும் இருப்பதால் தீட்டிய பிறகும் கொஞ்சம் தங்கும், இரும்பு அப்படித் தங்காது. ஆகவே மில்லில் வெள்ளை வெளேரென்று தீட்ட விடாதீர்கள், சிவப்பு நெல் என்றால் அந்தச் சிவப்பு மணியில் தெரிய வேண்டும். தவிடுள்ள அரிசி கொழும்புப் புழுக்கத்தில் சீக்கிரம் சிக்கு மணக்கும், வண்டும் வரும். அதனால் மாதத்துக்குத் தேவையானதை மட்டும் குற்றி அனுப்பச் சொல்லுங்கள். மிச்சம் ஊரிலேயே நெல்லாகக் கிடக்கட்டும்.