கருப்பியின் அடியில் ஏழு வாத்து முட்டைகள்

தை மாதக் கடைசியில் சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் வாத்துக் கூட்டம் இறங்கும். மேய்ப்பவர்கள் தாளடியில் பகலெல்லாம் மேயவிட்டு, இரவில் வலை கட்டி அடைத்து, விடியற்காலையில் முட்டை பொறுக்குவார்கள். அந்த முட்டைகளில் ஏழெட்டை வாங்கி வந்துதான் என் அப்பாயி கோழிக்கு அடை வைப்பாள். நானும் அப்படித்தான் செய்கிறேன்.

நாட்டு வாத்து நன்றாக முட்டையிடும். ஆனால் பெரும்பாலும் அடைகாக்காது. போட்ட இடத்தில் விட்டுவிட்டு நடந்துவிடும். அதனால்தான் நம் ஊரிலும் கேரளத்துக் குட்டநாட்டிலும் இயந்திரங்கள் வரும் முன்பிருந்தே அடைக்கோழியை நம்பி வாத்து வளர்த்தார்கள். கோழிக்கு மனசு இருக்கிறது, சூடு இருக்கிறது, பொறுமை இருக்கிறது. வாத்துக்குத் தேவையான சில விஷயங்கள் மட்டும் அதனிடம் இல்லை. அவற்றை நாம்தான் கொடுக்க வேண்டும்.

முதலில் முட்டை. கூட்டத்தில் ஆண் வாத்து இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஒருமுறை கடையிலிருந்து வாங்கிய எட்டு முட்டையும் கூமுட்டையாகப் போனது. கோழி வீணாகப் படுத்துக் கிடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இட்டு ஒரு வாரத்துக்குள் உள்ள முட்டை நல்லது. சேறு ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், கழுவ வேண்டாம்.

அடுத்து கோழி. என்னிடம் இருக்கும் கருப்பி சிறுவிடை, அதாவது சின்ன உடம்புள்ள நாட்டுக்கோழி. தன் முட்டை என்றால் பன்னிரண்டு வரை அணைத்துக்கொள்ளும். நாட்டுக்கோழி முட்டை சுமார் 40 கிராம்தான் இருக்கும். வாத்து முட்டையோ 65, 70 கிராம் வரும். ஆகவே அதற்கு ஏழுக்கு மேல் வைப்பதில்லை. உடம்பு பெருத்த பெருவிடையானால் ஒன்பது வைக்கலாம். பேராசைப்பட்டு அதிகம் வைத்தால், ஓரத்தில் கிடப்பது இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று எல்லா முட்டையும் மாறி மாறிக் குளிர்ந்து கெடும். கோழி இரண்டு மூன்று இரவுகள் கூட்டை விட்டு எழாமல், கை நீட்டினால் சிலிர்த்துக் கொத்தினால்தான் அடை உறுதி. அதுவரை கூமுட்டை ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம்.

கூடு தரையிலேயே இருக்கட்டும். பழைய கூடையின் அடியில் ஈர மணல் ஒரு கை உயரம், அதன்மேல் வைக்கோல். மணலுக்கும் வைக்கோலுக்கும் நடுவே வேப்பிலையும் நொச்சியும் பரப்புவேன், பேனுக்காக. அப்பாயி ஒரு கரித்துண்டும் இரும்புத் துண்டும் போடுவாள், இடி இடித்தால் முட்டை கலங்காது என்று. நானும் போடுகிறேன், அவள் கை வைத்த வழக்கத்தை விட மனம் வரவில்லை.

இனிதான் முக்கியமான இடம். கோழி முட்டை 21 நாளில் பொரியும், வாத்து முட்டைக்கு 28 நாள். அந்த ஏழு நாளும் கோழியின் உடம்பிலிருந்துதான் போகிறது. அடையில் இருக்கும் கோழி நாளுக்கு ஒருமுறை, கால் மணி நேரம் எழுந்தால் அதிகம். சில கோழிகள் அதுவும் எழாது. எழாததைத் தினம் ஒரே நேரத்தில் நாமே தூக்கி இறக்கிவிட வேண்டும். தூக்கும்போது இறக்கைக்கு அடியில் விரல் விட்டுப் பாருங்கள், முட்டை சிக்கியிருந்தால் மேலிருந்து விழுந்து உடையும். இறக்கியதும் கம்பு, நெல், தண்ணீர். தவிட்டுக் கூழை இந்த நாட்களில் கொடுப்பதில்லை, கழிச்சலாகிக் கூடு நாறும். இளைத்த கோழியை, போன மாதம் குஞ்சு இறக்கிய கோழியை வாத்து முட்டையில் உட்கார வைக்காதீர்கள்.

ஏழாம் நாள் இரவில் டார்ச் விளக்கின் வாயில் காகிதத்தைக் குழலாகச் சுற்றி, முட்டையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். கரு இருந்தால் சிலந்தி கால் விரித்தது போல நரம்பு ஓடும். ஒன்றுமில்லாமல் வெளிச்சமாகத் தெரிவதை எடுத்துவிடுங்கள்.

தாய் வாத்து நீரில் இறங்கி நனைந்த வயிற்றோடு வந்து படுக்கும். கோழி அப்படி வராது. அதனால் இரண்டாம் வாரம் முதல், கோழி மேயப் போன நேரத்தில், வெதுவெதுப்பான நீரில் கையை நனைத்து முட்டைகள்மேல் உதறுவேன். ஈரம் படிந்தால் போதும், சொட்டக் கூடாது. 25ஆம் நாளுக்குப் பிறகு நிறுத்திவிட்டு, கூட்டை ஒட்டிய மணலை மட்டும் நனைப்பேன். ஓட்டில் முதல் விரிசல் விழுந்தபின் குஞ்சு வெளியே வர ஒரு முழு நாளுக்கு மேலும் ஆகலாம். ஓட்டை உரித்து உதவப் போகாதீர்கள். உள்ளே ரத்தம் வற்றும் முன் கை வைத்தால் குஞ்சு செத்துப்போகும். முதல் குஞ்சு வந்ததும் மட்டும் பக்கத்தில் இருங்கள். விநோதமாகப் பார்த்துக் கொத்தும் கோழி உண்டு. கொத்தினால் குஞ்சைத் துணியில் பொதிந்து வைத்திருந்து, இருட்டியபின் அடியில் தள்ளிவிட்டால் காலையில் தன்னுடையது என்று ஏற்றுக்கொள்ளும்.

வெளியில் வாங்கிய ஒருநாள் குஞ்சுகளையும் இப்படி இரவில்தான் சேர்க்க வேண்டும். கோழி குறைந்தது இரண்டு வாரமாவது அடையில் இருந்திருக்க வேண்டும். குஞ்சு இரண்டு நாளுக்கு மேல் போகக் கூடாது. பொரித்த முதல் நாளில் யாரைப் பார்க்கிறதோ அதன் பின்னாலேயே போகும் குணம் வாத்துக் குஞ்சுக்கு மிக வலுவாக உண்டு. நம் கையிலேயே இரண்டு மூன்று நாள் வைத்திருந்தால் கோழி கூப்பிட்டாலும் நம் காலைச் சுற்றும்.

நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். முதல் வருடம், மூன்றாம் நாளே குஞ்சுகளை வாய்க்காலில் விட்டேன். வாத்துதானே என்று நினைத்தேன். தாய் வாத்தோடு வளரும் குஞ்சுக்கு அதன் இறகிலுள்ள எண்ணெய்ப் பசை ஒட்டும். கோழியிடம் வளர்வதற்கு அது கிடைக்காது. அதன் மெல்லிய தூவி இறகு ஊறிக் குளிரெடுக்கும். அன்று மூன்று குஞ்சுகள் விறைத்துச் செத்தன. அந்த மாலையை இன்னும் மறக்க முடியவில்லை. முதல் மூன்று வாரம் நீந்த விடாதீர்கள். ஆனால் குடிக்கும் தண்ணீர், அலகும் மூக்குத் துளையும் முழுகும் ஆழத்தில் எப்போதும் இருக்க வேண்டும். சட்டியில் கூழாங்கல் போட்டு வைத்தால் உள்ளே இறங்கிக் குளிக்க முடியாது. தீனி வைக்கும் நேரத்தில் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் இல்லாமல் உலர் தீனி தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

நொய்யை வேகவைத்து அரிசித் தவிட்டோடு பிசைந்து, நறுக்கிய முருங்கைக் கீரை சேர்த்துக் கொடுங்கள். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு நியாசின் என்ற சத்து அதிகம் வேண்டும், இல்லாவிட்டால் கால் வளையும். தவிட்டில் அது இருக்கிறது. கடலைப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்ததைத் துருவிப் பார்த்தபோதுதான் பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்லாடாக்சின் நஞ்சு தெரியவந்தது. அந்த நஞ்சுக்கு வாத்துக் குஞ்சு மிக எளிதில் இரையாகும்.

கோழிக் குஞ்சையும் வாத்துக் குஞ்சையும் கலந்து வளர்ப்பவர்கள் ஏழு நாள் தள்ளிக் கோழி முட்டையை வைப்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் வாத்துக் குஞ்சு, கோழியை அடைக்கும் பஞ்சாரக் கூடையின் தரையைச் சேறாக்கிவிடும். அந்த ஈரத்தில் கோழிக் குஞ்சு கழிச்சல் வந்து சாகும். எனக்கு அது உடன்பாடில்லை.

கின்னிக்கோழிக் குஞ்சைக் கோழி நன்றாக வளர்க்கும், மாலையில் வீடு திரும்பவும் பழக்கும். வான்கோழிக் குஞ்சை மட்டும் கோழி மேய்ந்து பழகிய கொல்லையில் விட யோசியுங்கள். கோழிக்குத் தொல்லை தராத குடற்புழு வழியே வான்கோழிக்குக் கல்லீரலைக் கெடுக்கும் நோய் பரவும். மாறாக, வான்கோழியை வாத்து முட்டையில் உட்கார வைக்கலாம். பதினைந்தையும் அணைக்கும், 28 நாள் அதற்கு இயல்பான கணக்கு.

நான்காம் வாரம், வெயில் ஏறிய நேரத்தில் வாய்க்காலுக்குக் கூட்டிப் போகலாம். குஞ்சுகள் இறங்கியதும் கருப்பி கரையில் ஓடி ஓடிக் கொக்கரிக்கும், கழுத்தை நீட்டும், ஒரு காலைத் தண்ணீரில் வைத்து எடுக்கும். அது பதறுவது நிற்கும் வரை, ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கரையேற்றிவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பழகி, கரையோரத்தில் புழு கிளறிக்கொண்டு காத்திருக்கும். குஞ்சுகள் அதன் வயிற்றுக்கு அடியில் அடங்காத அளவு வளர்ந்தபின்னும் இரவில் தலையை மட்டும் நுழைத்துக்கொண்டு தூங்கும். பஞ்சாரத்தைப் பெரிதாக்க வேண்டிய நேரம் அது. ஆறாவது, ஏழாவது வாரத்தில் கருப்பி தானே விலகி மீண்டும் முட்டையிடத் தொடங்கும். அந்த ஈட்டில் (ஒரு சுற்றில்) இடும் முட்டைகளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு, அடுத்த ஈட்டுக்கும் அடை வைக்காமல், கம்பும் கீரையும் கொடுத்துத் தேற்றுங்கள்.