மீயொலிப் பயணிகள் விமானத்தை ஒரே கணக்காக வடிவமைப்பது எப்படி?

சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரின் டியூஷன் வகுப்பிலிருந்து மீயொலி விமான வடிவமைப்பில் இறங்க விரும்பும் ஆறாம் படிவ மாணவர்களுக்கு ஒரு மடிக்கணினியும் எக்செல்லும் போதும். இறக்கையை வரையும் ஆசையைச் சற்றே அடக்கிக்கொண்டு, முதலில் பயணத்தை முடிவு செய்யுங்கள்: கோலாலம்பூரிலிருந்து தோக்கியோவுக்குச் சுமார் 5,300 கிலோமீட்டர், பெட்டிகளுடன் 80 பயணிகள் 8 டன், வேகம் மாக் 1.6 (ஒலியின் வேகத்தைப் போல் 1.6 மடங்கு), அதாவது மணிக்கு ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர்.

அடுத்தது, விமானம் எவ்வளவு தூரம் பறக்கும் என்று கணிக்கும் பிரெகே சமன்பாடு. வேகத்தைத் தூக்குவிசை-இழுவை விகிதத்தால் (விமானத்தைத் தூக்கும் விசை, அதைப் பின்னிழுக்கும் காற்றுத்தடையைப் போல் எத்தனை மடங்கு என்பதால்) பெருக்கி, எஞ்சினின் எரிபொருள் நுகர்வு வீதத்தால் வகுத்து, தொடக்க எடைக்கும் இறுதி எடைக்கும் உள்ள விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். நுகர்வு வீதம் மணிக்கு 1.0 (ஒரு கிலோ உந்துவிசைக்கு மணிக்கு ஒரு கிலோ எரிபொருள்), தூக்குவிசை-இழுவை விகிதம் 8 என்று கொண்டால் புறப்படும் எடையில் 32 விழுக்காடு எரிபொருளாகிறது. அவ்விகிதம் 7 ஆனால் 36 விழுக்காடு. நான்கு விழுக்காடுதானே என்று விட்டுவிட முடியாது. கட்டமைப்புக்கும் எஞ்சினுக்கும் 50, கையிருப்பு எரிபொருளுக்கு 6 என்று ஒதுக்கிய பிறகு, பயணிகளுக்கு மிஞ்சுவது முதல் கணக்கில் 12-க்குச் சற்றுக் குறைவு, இரண்டாவதில் 8 சொச்சம். ஆகவே அதே 8 டன்னைச் சுமக்க முதல் விமானம் 68 டன்னும் இரண்டாவது 99 டன்னும் எடை கொண்டிருக்க வேண்டும். சுமார் 100 பயணிகளுக்காகப் பிரிட்டன்-பிரான்ஸ் கூட்டாக உருவாக்கிய மீயொலிப் பயணிகள் விமானமான கான்கார்ட் 185 டன் எடையுடன், அதில் பாதிக்கு மேல் எரிபொருளாக, புறப்பட்டதில் வியப்பில்லை.

அந்த 50 விழுக்காடும் நிலையானதன்று. இறக்கைத் தடிப்பை (அதன் முன்பின் அகலத்தில்) 5 விழுக்காட்டிலிருந்து 4 ஆக்கினால், மீயொலி வேகத்தில் எழும் அதிர்வலைகளால் வரும் அதன் இழுவை 36 விழுக்காடு குறையும். ஆனால் இறக்கையை வளைக்க முயலும் அதே திருப்புத்திறனைத் தாங்க மேற்பரப்புத் தகட்டுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு கூடுதல் உலோகம் வேண்டும், எரிபொருள் தொட்டியும் சுருங்கும். எனவே காற்றியக்கவியல், கட்டமைப்பு, எஞ்சின் ஆகியவற்றுக்குத் தனித்தனித் தாள்கள் அமைத்து, மூன்றும் ஒரே மொத்த எடையை ஒப்புக்கொள்ளும் வரை மீண்டும் மீண்டும் கணக்கிடுங்கள். ஒரு துறையை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும் வழக்கம் இங்கே உதவாது.

வேகத்தைக் கூட்ட வெப்பம் இடம் கொடுக்காது. வெளிக்காற்று பூஜ்யத்துக்குக் கீழே 56 டிகிரியில் இருக்க, மூக்குமுனை மாக் 1.6-இல் 54 டிகிரி செல்சியசையும், மாக் 2-இல் 117-ஐயும், மாக் 2.4-இல் 190-க்கு மேலும் நெருங்கும். கடைசியில் சொன்னது நீண்ட காலத்துக்கு அலுமினியம் தாங்கும் வெப்பமன்று. மீயொலி விமானம் கடக்கும்போது தரையில் கேட்கும் இடியோசையான ஒலிவெடிப்பையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் கட்டுப்பாடாகவே எழுதுங்கள். 1977 டிசம்பரில் தொடங்கிய லண்டன்–பஹ்ரைன்–சிங்கப்பூர் கான்கார்ட் சேவை, மலேசியாவின் ஆட்சேபத்தால் ஒரு சில பயணங்களிலேயே நின்றது நம் வாசலில் நடந்த கதை.

இதன் பிறகே எக்செல்லில் சிறந்த விடையைத் தேடித் தரும் சால்வர் கருவியை இயக்கி, தடிப்பு, இறக்கைப் பரப்பு, பின்சாய்வு, உயரம் ஆகியவற்றை ஒருசேர மாற்றி மொத்த எடையைக் குறைக்கச் சொல்லுங்கள். விடையில் தடிப்பு நீங்கள் விதித்த கீழெல்லையிலேயே போய் நின்றால் மகிழ்ந்துவிடாதீர்கள். பெரும்பாலும் கட்டமைப்புத் தாளில் ஏதோ ஓர் எடை விடுபட்டிருக்கும்.