உள்வைப்புக்கான பாலியெஸ்டர் துணியில் ஜெலட்டினைப் பிணைப்பது எப்படி

செயற்கை ரத்தக்குழாய்க்கான பாலியெஸ்டர் துணி நீரை விலக்கும். செல்கள் அதில் சரியாக ஒட்டுவதில்லை. செல்கள் ஒட்ட உதவும் புரதமான ஜெலட்டினை வெறுமனே பூசினால் கழன்றுவிடும். வேதிப்பிணைப்பால் பிடித்துவைக்க வேண்டும். இது ஆய்வக மாதிரிகளுக்கான முறை.

முதலில், இழை தயாரிப்பின்போது பூசப்பட்ட நூற்பு எண்ணெயை நீக்குங்கள். அயனியற்ற சோப்புக் கரைசலில் 60 டிகிரியில் 30 நிமிடம் அலசி, எத்தனாலிலும் தூய நீரிலும் கழுவி உலர்த்துங்கள். எண்ணெய் மிஞ்சினால் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் விழும்.

அடுத்து, 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 60 டிகிரியில் ஊறவைத்தால் பாலியெஸ்டரின் எஸ்டர் பிணைப்புகள் அறுந்து, ஜெலட்டின் பிணைய இடம் தரும் கார்பாக்சில் (அமிலத்) தொகுதிகள் வெளிப்படும். கவனம் தேவைப்படும் கட்டம் இதுதான். காரம் இழையை மேற்பரப்பிலிருந்து அரித்துக்கொண்டே போகும். நேரம் கூடினால் துணி மெலிந்து வலுவிழக்கும். 10, 20, 30 நிமிடத் துண்டுகளை எடுத்து எடையிழப்பையும் இழுவலிமையையும் அளந்த பிறகே நேரத்தை முடிவு செய்யுங்கள். நீர்த்த அமிலத்தால் நடுநிலையாக்கிக் கழுவுங்கள். கார்பாக்சில் தொகுதிகளில் ஒட்டும் டொலுயிடின் நீலச் சாயம் சீராக ஏறினால் தொகுதிகள் பரவலாக உள்ளன.

பி.எச். 5.5 உள்ள எம்.இ.எஸ். தாங்கல் கரைசலில் (பி.எச். மாறாமல் காக்கும் கரைசல்) இ.டி.சி., என்.எச்.எஸ். என்னும் பிணைப்பு வினைபொருள்களைச் சேர்த்துக் கார்பாக்சில் தொகுதிகளை 15 நிமிடம் கிளர்வூட்டி, விரைவாக அலசி, உடனே பி.எச். 7.4 ஜெலட்டின் கரைசலுக்கு மாற்றுங்கள். தாமதித்தால் கிளர்வுற்ற தொகுதிகள் நீரால் சிதையும். டிரிஸ், கிளைசின் தாங்கல்கள் கூடவே கூடாது. ஜெலட்டினின் அமீன் (நைட்ரஜன்) தொகுதிகளுக்குப் பதில் அவற்றின் அமீன்களே பிணைப்பிடங்களைப் பிடித்துக்கொள்ளும். இ.டி.சி. ஈரத்தை உறிஞ்சும், குளிரில் வைத்த குப்பி அறை வெப்பத்துக்கு வந்த பிறகே அதைத் திறவுங்கள்.

கிருமிநீக்கத்துக்கு ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கலன்) வேண்டாம், ஜெலட்டின் பூச்சு கெடும். எத்திலீன் ஆக்சைடு வாயு ஏற்றது. எஞ்சிய வாயு முழுக்க வெளியேறக் காற்றோட்டம் கொடுங்கள்.