இஃப் பக்கத்தில் வில் எதற்கு?

ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகம் எதைத் திறந்தாலும் கண்டிஷனல் வாக்கியங்களை, அதாவது 'இஃப்' போட்டு 'இப்படி நடந்தால் அப்படி' என்று சொல்லும் வாக்கியங்களை, ஜீரோ, ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று நம்பர் போட்டு அட்டவணை கொடுத்திருப்பார்கள். அதை மனப்பாடம் செய்தவர்கள்கூட ஆபீஸ் மெயிலில் 'இஃப் யூ வில் சென்ட் தி ஃபைல், ஐ வில் செக் இட்' என்றுதான் எழுதுகிறார்கள். ஃபைல் நாளைக்குத்தானே வரும், அப்போ வில் போட வேண்டாமா என்று தோன்றும். வேண்டாம். நடக்கப்போவது நாளைக்கே என்றாலும் இஃப் பக்கத்தில் சாதாரண நிகழ்கால வினைதான்: 'இஃப் யூ சென்ட் தி ஃபைல்'. தமிழிலும் 'அனுப்பினால்' என்கிறோமே தவிர 'அனுப்புவாயால்' என்று யாராவது சொல்கிறோமா? வென், பிஃபோர், அன்டில் எல்லாவற்றுக்கும் இதே கதைதான்; 'வென் ஐ வில் ரீச் ஹோம், ஐ வில் கால் யூ' என்பதில் முதல் வில்லைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்.

'இஃப் யூ கம் மீன்ஸ் வீ கேன் கோ'வில் வரும் மீன்ஸ் வேறொன்றுமில்லை, நம்ம 'வந்தேன்னா'வில் இருக்கும் 'ன்னா'தான் ஆங்கில வேஷம் போட்டிருக்கிறது. அதையும் எடுத்துவிடுங்கள். 'அன்லெஸ் யூ டோன்ட் பே தி ஃபீஸ்' என்பதும் தவறு, அன்லெஸ்ஸுக்குள்ளேயே 'கட்டாவிட்டால்' இருக்கிறது, டோன்ட் தேவையில்லை.

உண்மையிலேயே சிக்கலான இடம் இன்னொன்று. 'பணம் இருந்தால் வாங்குவேன்' என்று தமிழில் சொன்னால், பணம் வர வாய்ப்பு இருக்கிறதா, சும்மா கனவு காண்கிறோமா என்பது வினைச்சொல்லில் தெரியாது, சொல்கிற தொனியில்தான் தெரியும். ஆங்கிலம் அதை வினையிலேயே காட்டச் சொல்கிறது. 'இஃப் ஐ ஹேவ் தி மணி, ஐ வில் பை இட்' என்றால் வாய்ப்பு இருக்கிறது. 'இஃப் ஐ ஹேட் தி மணி, ஐ வுட் பை இட்' என்றால் கையில் காசு இல்லை, பேச்சுக்குச் சொல்கிறோம். இன்டர்வியூவில் மரியாதையாக இருக்கட்டுமே என்று 'இஃப் ஐ காட் திஸ் ஜாப், ஐ வுட் மூவ் டு பெங்களூரு' என்று சொன்னால், வேலை கிடைக்கும் என்று உங்களுக்கே நம்பிக்கை இல்லாத மாதிரி ஒலிக்கலாம். கெட், வில் என்றே சொல்லுங்கள்.

எல்லோரும் பயப்படுகிற தேர்ட் கண்டிஷனல், அதாவது நடக்காமல் போனதைப் பற்றிச் சொல்வது, அதுதான் நமக்கு ரொம்ப சுலபம். 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்பதில் 'இருந்தால்' வரும் பக்கம் ஹேட், 'இருப்பேன்' வரும் பக்கம் வுட் ஹேவ்: 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்'. இரண்டு பக்கமும் வுட் ஹேவ் போடுவதை அமெரிக்கர்கள் பேச்சில் கேட்கலாம், ஆனால் பரீட்சையிலும் மெயிலிலும் அதைத் தவிர்ப்பது நல்லது.

அதே 'இரு' வேறு இடத்தில் காலை வாரிவிடும். 'நேற்று மதுரைக்குப் போயிருந்தேன்' என்பது அழகான தமிழ். அதை அப்படியே 'ஐ ஹேட் கான் டு மதுரை எஸ்டர்டே' என்று சொல்லி நிறுத்தினால், கேட்பவர் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று காத்திருப்பார். இஃப் இல்லாத வாக்கியத்தில் 'ஹேட் கான்' மாதிரி ஹேட் வந்தால் அதற்குப் பின்னால் நடந்த இன்னொரு விஷயமும் பேச்சில் இருக்க வேண்டும். 'வென் ஐ ரீச்ட் தி ஸ்டேஷன், தி ட்ரெயின் ஹேட் லெஃப்ட்' என்பது சரி, ஏனென்றால் நீங்கள் போய்ச் சேரும் முன்பே வண்டி கிளம்பிவிட்டது. மதுரைக்குப் போனது மட்டும்தான் சேதி என்றால் 'ஐ வென்ட்' போதும். எஸ்டர்டே இருக்கிற வாக்கியத்தில் 'ஐ ஹேவ் சென்ட்' என்பதும் ஆகாது, 'ஐ சென்ட்' தான்.

'ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பதில் இரண்டு தவறு. அன்றைக்குத் தொடங்கி இன்றைக்கும் தொடர்வதால் 'ஹேவ் பீன் வொர்க்கிங்' வர வேண்டும், எத்தனை வருஷம் என்று சொல்லும்போது ஃபார் வர வேண்டும். சின்ஸுக்குத் தேவை தொடங்கிய புள்ளி: 'சின்ஸ் 2019', 'சின்ஸ் மண்டே'.