இழைமணி மென்சவ்வுக்கு இலிப்பிட்டைக் கொண்டுசேர்க்கும் புரதத்தைப் படிப்பிக்கும் முறை

கலத்துக்குச் சக்தி தரும் புன்னங்கமான இழைமணியின் படத்தை அகமென்சவ்வின் மடிப்புகளோடு முடித்துவிட்டால், அந்த மென்சவ்வை ஆக்கும் இலிப்பிட்டு எனும் கொழுப்பு வகைப் பொருள் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி வகுப்பில் எழாமலே போய்விடும். இலங்கை மலையகத்தின் ஹற்றனிலோ பண்டாரவளையிலோ உயர்தர உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், கரும்பலகையும் இரண்டு நிறச் சுண்ணக்கட்டிகளும் கொண்டே இதைத் தெளிவாக விளக்கலாம்.

முதலில் இடப்பக்கம், இலிப்பிட்டுகள் பல தொகுக்கப்படும் புன்னங்கமான அகமுதலுருச் சிறுவலையையும், வலப்பக்கம் இழைமணியின் புறமென்சவ்வு, அகமென்சவ்வு இரண்டையும் வரைந்து, இடைவெளிகளில் நீர் இருப்பதைக் குறியுங்கள். கொழுப்பமிலச் சங்கிலிகள் நீரில் கரையாதவை என்பதால், ஓர் இலிப்பிட்டு அந்த நீரை எவ்வாறு கடக்கும் என்று கேட்டுவிட்டுச் சற்றுக் காத்திருங்கள்.

எல்லா இலிப்பிட்டுகளையும் ஒரே பாடத்தில் சொல்ல முயல வேண்டாம். காடியோலிப்பின் என்ற இலிப்பிட்டு ஒன்றே போதும். நான்கு கொழுப்பமிலச் சங்கிலிகளைக் கொண்ட இது அகமென்சவ்விலேயே தொகுக்கப்படுகிறது. ஆனால் அதற்கு மூலப்பொருளாக வேண்டிய பொசுபற்றிடிக் அமிலம் என்ற இலிப்பிட்டு அகமுதலுருச் சிறுவலையிலிருந்து வர வேண்டும். புறமென்சவ்வுவரையான பயணத்துக்கு இரு புன்னங்கங்களும் நெருங்கித் தொடும் இடங்கள் உதவுகின்றன என்று சுருக்கமாகச் சொல்லி, இரண்டு மென்சவ்வுகளுக்கும் இடையிலான பகுதிக்கு நேரத்தை ஒதுக்குங்கள்.

மதுவத்தில் அங்கே பணிபுரிவது யுபிஎஸ்1 என்ற புரதம். அது எம்டிஎம்35 என்ற சிறு புரதத்தோடு இணைந்து, பொசுபற்றிடிக் அமிலத்தைத் தன் குழிவினுள் ஏற்றி, அகமென்சவ்வில் இறக்குகிறது என்பது 2012இல் காட்டப்பட்டது. மனிதக் கலங்களில் இதே பணியைச் செய்வது பிரெலிட்1, ட்ரையாப்1 என்னும் சோடி. தேயிலைக் கொழுந்தை இறக்கிய லொறி திரும்பி வந்தால்தான் அடுத்த மலையின் கொழுந்து தொழிற்சாலைக்குப் போகும் என்பது தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். யுபிஎஸ்1உம் மென்சவ்விலிருந்து விடுபட்டால்தான் அடுத்த மூலக்கூறை ஏற்ற முடியும். லொறி உதாரணத்தை அத்தோடு நிறுத்துங்கள், ஏனெனில் காடியோலிப்பின் மிகுந்துவிட்டால் யுபிஎஸ்1 விடுபட முடியாமல் அங்கேயே சிதைக்கப்படுகிறது. இது கலத்தின் கட்டுப்பாடு, பழுதன்று.

அடுத்து, காடியோலிப்பின் குறைந்தால் நேர்வதைப் படத்திலேயே அழித்துக் காட்டுங்கள். சக்தி உற்பத்திக்காக இலத்திரன்களைக் கடத்தும் சுவாசச் சங்கிலியின் புரதத் தொகுதிகளை ஒன்றாகப் பிடித்துவைப்பதும், அச்சங்கிலியின் சிறு புரதமான சைற்றோகுரோம் சியை அகமென்சவ்வோடு பிணைத்துவைப்பதும் அதுவே. ஆகையால் அது குறையும்போது சக்தி உற்பத்தி தளர்வதோடு, சைற்றோகுரோம் சி எளிதில் வெளியேறிக் கலத்தின் இறப்பைத் தூண்டவும் கூடும். இதயத்தசையைப் பாதிக்கும் பார்த் நோயை யாரேனும் இங்கே குறிப்பிட்டால், அதில் குறைபாடு தஃபாசின் என்ற நொதியத்தில் இருக்கிறது, கடத்தும் புரதத்தில் அன்று என்பதைப் பிரித்துச் சொல்லுங்கள்.

விளங்கியதா என்பதை அறிய, எம்டிஎம்35ஐ மட்டும் நீக்கினால் என்ன ஆகும் என்று எழுதச் சொல்லுங்கள். துணையிழந்த யுபிஎஸ்1 நிலைக்காமல் சிதைவதையும், அதனால் காடியோலிப்பின் குறைவதையும் தொடர்புபடுத்தும் விடைக்கே முழுப் புள்ளி வழங்குங்கள்.