பாம்பா, அரணையா?

பூந்தொட்டியை நகர்த்தியதும் பளபளவென்று ஒன்று நெளிந்து ஓடினால் உடனே கம்பைத் தூக்காதீர்கள். பல நேரம் அது அரணைதான். ‘அரணை கடித்தால் மரணம்’ என்பதெல்லாம் வெறும் பேச்சு. அதற்கு விஷமே கிடையாது.

குழப்புவது பாம்பரணை. உடம்பு ஒல்லி, கால்களோ தீக்குச்சியில் பாதிகூட இருக்காது. ஓடும்போது அதையும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குட்டிக்கு வால் சிவப்பாக இருப்பதால் பார்த்தவர்கள் அலறிவிடுவார்கள், பாவம்.

கிட்டே போகாமல், போனில் ஜூம் செய்து தலையைப் பாருங்கள். கண்ணை மூடித் திறந்தால் அரணை. பாம்புக்கு இமை இல்லை, சிமிட்டவே சிமிட்டாது. (வீட்டுப் பல்லிக்கும் அசையும் இமை இல்லை, ஆனால் அதை யாரும் பாம்பு என்று நினைப்பதில்லை!) கண்ணுக்குப் பின்னால் சின்னக் காதுத் துளை தெரிந்தாலும் அரணைதான், பாம்புக்கு வெளியே காது கிடையாது. வால் துண்டாகிக் கீழே துள்ளினாலும் சந்தேகம் வேண்டாம்.

உரித்த சட்டை மட்டும் கிடைத்தால் இன்னும் சுலபம். பாம்புச் சட்டை பெரும்பாலும் ஒரே நீளமாகக் கழன்றிருக்கும், வயிற்றுப் பக்கம் அகலப் பட்டைகள் வரிசையாகத் தெரியும். அரணையுடையது துண்டு துண்டாக உதிரும்.

எது என்று தெரியாமல் கடிபட்டால் ஆராய்ச்சி வேண்டாம். கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழைத்து விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.