மஞ்சள் சாறும் என்.எம்.ஆரும்: டி1 அளப்பது எப்படி

வேகவைத்த மஞ்சளைக் களத்தில் நன்றாகக் காயவிடாமல் மூட்டை கட்டினால் எடை பொய் சொல்லும் என்று ஈரோட்டுப் பக்கம் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காந்தப்புலத்தில் அணுக்கருக்களின் சிக்னலைப் பிடித்து எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று காணும் என்.எம்.ஆரிலும் அதேதான். ஒரு பல்ஸுக்குப் (குறுகிய ரேடியோ அலைத் துடிப்பு) பிறகு அணுக்கரு பழைய நிலைக்குத் திரும்புமுன் அடுத்த பல்ஸ் கொடுத்தால் பீக், அதாவது திரையில் தெரியும் சிக்னல் முகடு, குறைந்துபோகும், நீங்கள் கணக்கிடும் குர்குமின் (மஞ்சளின் நிறப்பொருள்) அளவும் தப்பாகும். நான் 2 நொடி இடைவெளியோடு ஓட்டியபோது, மெதுவாகத் திரும்பும், அளவு தெரிந்து சேர்த்த ஒப்பீட்டுப் பொருளின் பீக் சுருங்கி, குர்குமின் இருப்பதைவிட அதிகமாகக் காட்டியது. இரண்டு நாள் வேலை வீண்.

அதனால் அணுக்கரு எவ்வளவு சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது என்று சொல்லும் நேரமான டி1-ஐ முதலில் அளந்துவிடுங்கள். சாற்றை டியூட்டரேட்டட் டி.எம்.எஸ்.ஓ.வில் (ஹைட்ரஜனுக்குப் பதில் கன ஹைட்ரஜன் உள்ள கரைப்பான்) கரைத்து, வடிகட்டி, ட்யூபில் ஊற்றி, 298 கெல்வினில் (சுமார் 25 டிகிரி செல்சியஸ்) பத்து நிமிடமாவது வைத்திருங்கள், ஏனென்றால் வெப்பநிலை மாறினால் டி1-ம் மாறும். கரைந்திருக்கும் ஆக்சிஜன் டி1-ஐக் குறைக்கும்தான், ஆனால் அளவு காண்பதற்கென்றால் அதை நீக்க வேண்டாம். எந்த நிலையில் அளக்கப்போகிறீர்களோ அதே நிலையில்தான் டி1-ம் வேண்டும்.

அடுத்து 90 டிகிரி பல்ஸ், அதாவது அணுக்கருக்களின் காந்தத்தைக் கால் சுற்று திருப்பும் பல்ஸ், எவ்வளவு நீளம் என்று பாருங்கள். 360 டிகிரியில் சிக்னல் பூஜ்யமாகும் பல்ஸ் நீளத்தைப் பிடித்து நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் காந்தத்தைத் தலைகீழாக்கும் 180 டிகிரி பல்ஸ், கொஞ்சம் காத்திருப்பு, 90 டிகிரி பல்ஸ், இவ்வளவுதான் இன்வர்ஷன் ரெக்கவரி. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நடுவே முதலில் 30 நொடி விடுங்கள். காத்திருப்பைக் கூட்டிக்கொண்டே போனால் திரையில் தலைகீழாகத் தொங்கும் பீக்குகள் ஒவ்வொன்றாகச் சுருங்கி, மறைந்து, நிமிரும். எல்லாம் ஒன்றாக நிமிராது, 3.8 பிபிஎம் (திரையில் பீக்கின் இடத்தைச் சொல்லும் அளவு) பக்கம் உள்ள குர்குமினின் மெத்தாக்ஸி பீக் எழுந்த பிறகும் வேறொன்று தொங்கிக்கொண்டிருக்கலாம், கடைசியாக எழுவதுதான் உங்களுக்கு முக்கியம்.

பீக் மறையும் நேரத்தை 1.44-ஆல் பெருக்கினால் டி1. 2 நொடியில் மறைந்தால் சுமார் 2.9 நொடி. இது தோராயம்தான். சரியான எண் வேண்டுமென்றால் 10 மில்லி நொடியிலிருந்து மதிப்பிட்ட டி1-ன் ஐந்து மடங்கு வரை பத்துப் பன்னிரண்டு நேரங்கள் வைத்து, வரிசையைக் கலைத்து ஓட்டி, மூன்று மாறிகளோடு (டி1, முழு உயரம், எவ்வளவு தலைகீழானது) வளைவு பொருத்துங்கள். 180 டிகிரி ஒருபோதும் கச்சிதமாக அமையாது, மூன்றாவது மாறி அதைத் தாங்கிக்கொள்ளும்.

அளவு காணும்போது ஸ்கேன்களுக்கு நடுவே மிக மெதுவான பீக்கின் டி1-ஐப் போல ஐந்து மடங்கு விட்டால் 99.3 சதவீதம் திரும்பியிருக்கும், ஏழு மடங்குக்கு 99.9. நான் ஏழுதான் விடுகிறேன். 2.9 நொடி என்றால் 20 நொடிக்கு மேல் போகும், ஸ்கேன் எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளலாம், இடைவெளியைக் குறைக்காதீர்கள்.